ஒரு படி கூட்டிக் கேட்கும் ஊர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஈரப்பலா மரத்தடியில் ஆட்டைக் கட்ட முளை அடித்துக்கொண்டிருந்த மெரிலியாவின் இடுப்பில் போன் அடித்தது. தங்கச்சி ஜிஸ்லேனின் நம்பர். மூன்று நாளாக அந்த நம்பருக்காகத்தான் காத்திருந்தாள். ஜிஸ்லேனுக்குத் தலைப்பிரசவம். புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலையில் இருந்தான். வலி வந்த பிறகு எங்கள் மோன் லக்ருவா மலையிலிருந்து ஒருத்தியை இறக்குவது ஆகாத காரியம் என்று, மாதம் நெருங்கியதுமே அவள் கீழே ஆஸ்பத்திரி இருக்கும் ஜக்மேல் டவுனில் தெரிந்தவர் வீட்டில் போய்த் தங்கிவிட்டாள். சனிச்சந்தையில் கேரட்டை விற்றுவிட்டு நேரே வந்துவிடுகிறேன் என்று மெரிலியா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"சொல்லுடி, ஆணா பொண்ணா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

பேசியது ஜிஸ்லேன் இல்லை, ஒரு ஆண் குரல். ஆஸ்பத்திரியில் இருக்கும் க்யூபா டாக்டர். எங்கள் கிரெயோல் பேச்சைக் கற்றுக்கொண்டு எட்டு மாதம்கூட ஆகாதவர்.

"அக்காவா? தங்கச்சி ஆம்பில் மலாத். ஆம்பில், ஆம்பில். சீக்கிரம் வா. கொண்டுவா..."

அதோடு லைன் கட்டாகிவிட்டது.

மலாத் என்றால் சீக்கு. ஆம்பில் என்றால் ரொம்ப. நீங்கள் ரொம்பவை முதலில் வைத்து 'ரொம்ப முடியல' என்பீர்கள். எங்கள் பேச்சில் சீக்கு முன்னால் வரும், ரொம்ப அதன் பின்னால் வரும். கொஞ்சம் என்று பொருள்படும் 'தி' மட்டும், பயப்படாதே என்று சொல்வதற்காக முன்னாலேயே ஓடிவந்து நின்றுகொள்ளும். ஆகவே ஒருவர் 'தி' சொல்லாமல் மலாத் என்று வாயைத் திறந்துவிட்டால், அடுத்த சொல் வருகிற வரை கேட்கிறவரின் உயிர் தொண்டையில் நிற்கும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் மனசைக் கெட்டிப்படுத்திக்கொள்வோம். டாக்டர் அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டார். ஆம்பில் முதலிலேயே வந்து விழுந்தது. கெட்டிப்படுத்திக்கொள்ள மெரிலியாவுக்கு நேரமே இல்லை.

முளையடித்த கல்லைக் கீழே போட்டுவிட்டு மாமன் வீட்டுக்கு ஓடினாள்.

தாய்மாமன் செனாதிஸ் கொல்லையில் காப்பி வறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மதாம் அனோவில், இரவல் கேட்டு வந்த உப்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் இல்லாத இடம் எங்கள் ஊரில் கிடையாது. மெரிலியா சொன்னதைக் கேட்டதும் உப்பை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு. ஒண்ணையும் விடாத."

"ஆம்பில் மலாத்னாரு. அப்புறம் ஆம்பில், ஆம்பில்னு இன்னும் ரெண்டு தடவ."

"மூணு தடவையா!" என்றாள் அனோவில். "அய்யோ, ஏசுவே."

"அந்தாளு பேச்சை விடு. வெளியூர்க்காரன். அவன் சொன்னபடி எடுத்துக்கிட்டா 'சீக்காளிங்க நெறையப் பேரு'ன்னுல்ல அர்த்தம்?" என்றார் செனாதிஸ்.

"நீ கேலி பண்ணாத மச்சான். வாய் வெளியூரு வாயா இருக்கலாம். சொல்லிக் குடுத்தது நம்ம ஊரு நர்சு."

அனோவில் சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்று ஊரே நம்பும். எங்கள் மலையில் தூரத்தில் இருப்பவருக்குச் சாவை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கேட்டவர் வழியில் விழுந்துவிடுவார், பள்ளத்தில் உருண்டுவிடுவார் என்று பயம். அதனால் ஒரு படி குறைத்துத்தான் சொல்வார்கள், கேட்கிறவர் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சீக்கு என்றால் படுத்த படுக்கை. சீக்கு என்றால் பாதிரியாரைக் கூப்பிட்டாயிற்று. சீக்கு, ரொம்ப என்றால் முடிந்துவிட்டது. அனோவிலின் புருஷன் படகோடு கவிழ்ந்தபோது, அவனுக்குத் 'தி' சீக்கு என்றுதான் சொல்லி அழைத்துப்போனார்கள். அவள் அதை நம்பி, அவனுக்குப் பிடிக்கும் என்று மரவள்ளி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு இறங்கினாள். கடற்கரையில் கூட்டத்தைப் பார்த்த பிறகும் ரொட்டி அவள் கையில் சூடாகவே இருந்ததாம். அன்றிலிருந்து அவள் எந்தச் செய்தியையும் கூட்டாமல் கேட்டதில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன், சூடு கண்ட பூனை அவள்.

"கொண்டுவான்னாரே, எதைக் கொண்டுவரணும்?" என்றாள் மெரிலியா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அனோவில் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "துணிடி. கடைசியா உடுத்திவிட நல்ல துணி. வேற என்னத்த?"

செனாதிஸ் காப்பிச் சட்டியை இறக்கினார். "எதுக்கும் ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுடேன் பொண்ணே. போன்ல காசு இருக்கில்ல?"

"இருக்கு மாமா."

"கேக்காத," என்றாள் அனோவில். "பாவம், அந்த மனுசன் வாயால அந்த வார்த்தைய வரவழைக்கப் போறியா? அவரு நாசூக்கா சொல்லிட்டாரு. நாம நாசூக்கா புரிஞ்சுக்கணும்."

மெரிலியா போனைக் கையில் எடுத்தாள். கட்டை விரல் பச்சைப் பொத்தான் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. அனோவில் சொன்னதற்காக என்று அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள், ஆனால் உண்மை அது இல்லை. அமுக்கினால் அந்தப் பக்கம் ஒருவர் எடுப்பார், சொல்லிவிடுவார். சொல்லாத வரை ஜிஸ்லேன் சாகவில்லை. அவ்வளவுதான். பயம் அவளை அந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டது.

அப்போதே கிளம்பியிருந்தால் இரண்டு மணி நேர நடையில் சாலை, அங்கிருந்து லாரி, சாயந்தரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. ஆனால் செத்தவள் எங்கே ஓடிப்போகப் போகிறாள்? முறைப்படி போக வேண்டும். தூக்கிவர நாலு பேர் வேண்டும், கம்பும் கயிறும் வேண்டும், துக்கத்துணி வேண்டும். அம்மா செத்தபோது தைத்த கருப்பு கவுன் மெரிலியாவிடம் இருந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கூடப்பிறந்தவள் சாவுக்கு இப்படிப் போனால் ஊர் காறித் துப்பும் என்று அனோவில் சாயப்பொடி வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

ஈரப்பலா மரத்தடியில் அண்டா வைத்து சாயம் காய்ச்சினார்கள். மெரிலியா ஒரு கட்டையால் கவுனை அமுக்கிக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. அதே நம்பர்.

அவள் பார்த்தாள். அனோவிலும் பார்த்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு மணிக்கு மறுபடி அடித்தது. அதற்குப் பிறகு மெரிலியா போனைக் கொண்டுபோய்ச் சோளமாவு டின்னுக்குள் வைத்து மூடிவிட்டாள். மூடியிருந்தும் மூன்று மணிக்கு அது உள்ளே உறுமியது அவளுக்குக் கேட்டது. கையை இன்னும் ஆழமாகச் சாயத்துக்குள் விட்டு, கேட்காதது போலத் துணியைப் பிழிந்தாள்.

மழை வந்து கவுன் காயவில்லை. அடுப்புக்கு மேல் கட்டி உலர்த்தினார்கள். ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், ஜிஸ்லேன் எவ்வளவு நல்லவள் என்று இறந்தகாலத்தில் பேசினார்கள். குழந்தை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் அனோவில் ஒரு படி கூட்டித்தான் வைத்திருந்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் இறங்கினார்கள். மெரிலியா, செனாதிஸ், இன்னும் மூன்று ஆண்கள். மூட்டையில் ஜிஸ்லேனின் வெள்ளைக் கல்யாண கவுன். கருப்புத் துணி இன்னும் ஈரம் போகாமல் உடம்பில் ஒட்டி அரித்தது. லாரியில் வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த சந்தைக்காரி ஒருத்தி இடம் விட்டு நகர்ந்தாள்.

"யாருக்கும்மா?" என்றாள் மெல்ல.

"தங்கச்சிக்கு."

சொன்ன மாத்திரத்தில் மெரிலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கச்சி செத்தாள் என்பதை அதுவரை அவள் வாய் சொல்லியிருக்கவில்லை. யாரும் தனக்குச் சொல்லவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தானேதான் முதலில் சொல்லியிருக்கிறோம். மலைச்சரிவு நெடுக அவள் ஜபமாலையை உருட்டினாள், ஆனால் ஒரு ஜபமும் முழுசாக வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பும் கயிறுமாக நாலு ஆண்களையும் கருப்புடுத்திய ஒருத்தியையும் பார்த்த நர்ஸ், "பிணவறை அந்தப் பக்கம்," என்று கை காட்டினாள். "பேரு என்ன?"

"ஜிஸ்லேன். பிரசவத்துக்கு வந்தவ. மோன் லக்ருவா."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "டாக்டர்! வந்துட்டாங்க! இப்பத்தான் வர்றாங்க மகராசிங்க!"

க்யூபா டாக்டர் கிட்டத்தட்ட ஓடிவந்தார். முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நேத்து கூப்பிட்டேன் நான்! நாலு தடவ! எடுக்கல நீங்க! ரத்தம் கொண்டுவான்னு சொன்னேன். ரத்தம்! ஆளுங்க! ரொம்ப போச்சு ரத்தம் அவளுக்கு. ராத்திரி குடுத்தேன் என்னோடத ஒரு பை. பத்தாது!"

மெரிலியாவுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. "குடுத்தீங்களா? யாருக்கு?"

"யாருக்கா! தங்கச்சிக்கு!"

"உயிரோடவா இருக்கா?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார், இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று கேட்பது போல. நர்ஸ் எங்கள் பக்கத்து மலைக்காரி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். "கூட்டிக் கேட்டுட்டாங்க டாக்டர். நீங்க சொன்னத ஒரு படி கூட்டிக் கேட்டுட்டாங்க."

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது, ஆனால் மெரிலியாவுக்கு வந்தது முழுக்க முழுக்கப் பயம். நேற்றுவரை இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்று இருந்தவளுக்கு இப்போது இழக்க ஒரு தங்கச்சி இருந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் அவளே சாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்ட தங்கச்சி. மாவு டின்னுக்குள் போன் உறுமியது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

பிணம் தூக்க வந்த நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்து விரலில் குத்தினார்கள். புலி மாதிரி மீசை வைத்த ஃபனோர் ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டான். "தூக்கத்தான்யா வந்தேன், குடுக்க வரல!" என்று புலம்பினான். அவன் ரத்தம் ஜிஸ்லேனுக்குச் சேர்ந்தது. மெரிலியாவுடையதும் சேர்ந்தது. நர்ஸ் அவள் கையைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கருப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள், அதுவும் கருப்பு. சாயம் முழங்கை வரை ஏறியிருந்தது. நாலாவது பஞ்சுக்குப் பிறகுதான் நரம்பு தெரிந்தது.

"பிழைப்பாளா?" என்று மெரிலியா கேட்டாள்.

"இன்னிக்குத் தாண்டணும். அவளும் பிடிச்சுக்கணும், விடக்கூடாது," என்றார் டாக்டர். "போய்ப் பேசு. தைரியம் குடு."

ஜிஸ்லேன் கடைசிக் கட்டிலில் கிடந்தாள். உதடு வெளுத்து, முகம் பாதியாகியிருந்தது. அக்காவின் ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. மெரிலியா கட்டிலருகே போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இமை மெல்லத் திறந்தது.

அவள் பார்த்தது அக்காவின் முகத்தை அல்ல. கழுத்திலிருந்து கணுக்கால் வரை இருந்த கருப்பை. அப்புறம் கருத்துப்போன விரல்களை.

"எம் புள்ள," என்றாள்.

மெரிலியாவுக்கு அப்போதுதான் தான் எதை உடுத்தி வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது.

"இல்லடி! இல்ல! புள்ள நல்லா இருக்கு. பொண்ணு. நர்ஸம்மா சொன்னாங்க. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு."

இதைவிடக் கெட்ட பதில் ஒன்றை அவள் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஜிஸ்லேனும் எங்கள் மலையில் பிறந்தவள்தானே? ஒருமுறை சொன்னால் போதும் என்பதை மூன்று முறை சொல்கிறார்கள் என்றால் அதை எப்படிக் கூட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மெரிலியாவின் கைக்குள் இருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"புள்ளையத் தூக்கிட்டு வாங்க!" என்று மெரிலியா நர்ஸிடம் கதறினாள்.

"கண்ணாடிப் பெட்டியில இருக்கும்மா. எடை கம்மி. இப்ப வெளிய எடுக்க முடியாது, சாயந்தரம் பாக்கலாம்."

சாயந்தரம்! நேற்று சாயந்தரம் வரை சாயம் காய்ச்சியே ஒரு பகலை அவள் தின்று தீர்த்திருந்தாள். ஜிஸ்லேனின் மூச்சு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

என்ன சொல்வது? நல்லா இருக்கு என்றால் செத்துவிட்டது. கொஞ்சம் சீக்கு என்றாலும் செத்துவிட்டது. சத்தியம் செய்தாலும் செத்துவிட்டது. நம்புவதற்கு ஒரு சொல்லை எங்கள் ஊர் மிச்சம் வைக்கவில்லை. அன்பு என்று நினைத்துத்தான் எல்லாச் சொற்களையும் இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

மெரிலியா கழுத்துப் பொத்தானில் கை வைத்தாள். சாவுக்கென்று உடுத்திய கருப்பைத் துக்க நாள் முடியாமல் கழற்றி எறிந்தால், அது அடுத்த சாவை வீட்டுக்குள் கூப்பிடுவது. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவுக்காக அவள் பதினெட்டு மாதம் அதை ஒரு நாளும் விட்டதில்லை. இப்போது கழற்றினால் சாவு எந்தக் கட்டிலுக்கு வரும் என்று யோசிக்கவே வேண்டாம், அந்த அறையில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே கட்டில்தான்.

"ஜிஸ்லேன், என்னப் பாரு."

திரும்பவில்லை.

"பாருடி கழுத! உனக்காகத்தான் உடுத்துனேன். நீ செத்துட்டேன்னு உடுத்துனேன். உம் புள்ளைக்கு இல்ல. பாரு இப்ப!"

பொத்தான்கள் தெறித்தன. ஈரத்துணி உடம்பை விட்டு வர மறுத்தது, பிய்த்து எடுத்தாள். பக்கத்துக் கட்டில் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். வாசலில் எட்டிப்பார்த்த செனாதிஸ், "அய்யோ, கழட்டாத!" என்று அலறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெரிலியா கவுனைச் சுருட்டி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். சாயம் திட்டுத் திட்டாய் இறங்கிய மஞ்சள் பூப்போட்ட உள்பாவாடையோடு, பத்துப் பதினைந்து பேர் பார்க்க, குளிர் ஜுரம் வந்தவள் போல நடுங்கிக்கொண்டு நின்றாள்.

ஜிஸ்லேன் தலையைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த உள்பாவாடை அவள் தைத்துக் கொடுத்தது.

"கழட்டிட்டியா?" என்றாள்.

"கழட்டிட்டேன்."

"உனக்குப் பயமா இல்ல?"

"செத்துக்கிட்டிருக்கேன் பயத்துல."

ஜிஸ்லேனின் வெளுத்த உதடு லேசாக அசைந்தது. பிள்ளை செத்திருந்தால் எந்தப் பெண்ணும் அந்தத் துணியைக் கழற்றமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"பொண்ணா?"

"பொண்ணு. பெட்டிக்குள்ள இருக்கு. அழுவுதாம்."

ஜிஸ்லேன் அக்காவின் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். டாக்டரும் நர்ஸும் வந்து நின்றார்கள். அக்காவின் விரலைத் தங்கச்சி பிடித்திருப்பதைப் பார்த்து டாக்டர் குழாயை மட்டும் சரி செய்தார்.

"அக்கா."

"ம்."

"நான் எப்படி இருக்கேன்?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து மெரிலியா ஓடி ஒளிந்துகொண்டிருந்தாள். 'தி' என்று ஆரம்பிக்க நாக்கு எழுந்தது. அதுதான் பழக்கம், அதுதான் மரியாதை. அவள் அதை விழுங்கினாள்.

"சீக்கு," என்றாள்.

ஜிஸ்லேன் காத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் காத்திருக்கும் அந்த ஒரு மூச்சு நேரம்.

"ரொம்ப," என்றாள் மெரிலியா. "கூட்டாத. குறைக்காத. நான் சொல்ற அளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டி."

ஜிஸ்லேன் தலையசைத்தாள். அக்காவின் கருத்த விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.